மருந்தின் சீரும் சூடும்: ஆயிரம் யார்டில் மேல்-கீழ் சிதறலை அடக்கும் வழி

ரைபிள் சுடுதலில், நீள்தூர இலக்கில் குண்டுகள் இடவலமாகச் சிதறினால் காற்றைக் கணித்ததில் பிழை. மேலும் கீழுமாகச் சிதறினால் பெரும்பாலும் குண்டின் வேகம் சீராக இல்லை. காற்றை நம்மால் கட்டுப்படுத்த முடியாது, படிக்கத்தான் முடியும். வேகம் அப்படியல்ல. தோட்டாவுக்குள் இருக்கும் மருந்தின் (வெடிமருந்துத் துகள்களின்) எடை, ஈரம், சூடு ஆகிய மூன்றையும் கவனித்தால் அது கட்டுக்குள் வரும். இந்த மூன்றில் எடைக்குத்தான் எல்லோரும் பணத்தையும் நேரத்தையும் கொட்டுகிறார்கள். புள்ளிகளை அதிகம் தின்பவையோ மற்ற இரண்டும்தான்.

இங்கே எடுத்துக்கொள்வது எஃப்-கிளாஸ் என்னும் நீள்தூர ரைபிள் போட்டியின் எஃப்-டிஆர் பிரிவு. .308 வின்செஸ்டர் அல்லது .223 ரெமிங்டன் தோட்டா, முன்னால் பைபாட் (இரண்டு கால் தாங்கி), ஸ்கோப்போடு சேர்த்து 8.25 கிலோவுக்கு மிகாத ரைபிள். இங்கிலாந்தின் பிஸ்லி, கனடாவின் கானாட், அமெரிக்காவின் ரேட்டன், தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டைன் போன்ற மைதானங்களில் 1000 யார்டு (சுமார் 914 மீட்டர்) வரை நடக்கும் போட்டி. அங்கெல்லாம் தோட்டாவை வீட்டில் நிரப்பிக்கொள்வது வழக்கம். இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா நிரப்புவது குற்றம். இங்கே .22 சுடுபவர்களுக்குப் பயன்படுவது கடைசிப் பகுதியில் இருக்கிறது.

எவ்வளவு மருந்து என்பதை இந்தக் கட்டுரை சொல்லாது. அதை மருந்துத் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்து, தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏற வேண்டும். வேறு ஒருவரின் ரைபிளுக்குப் பொருந்திய அளவை அப்படியே எடுத்துப் போடுவது ஆபத்து.

வேகம் மாறினால் எவ்வளவு விலகும்?

175 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) எடையுள்ள குண்டு வினாடிக்கு 792 மீட்டர் வேகத்தில் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். அதன் வேகம் 3 மீ/வி கூடினாலோ குறைந்தாலோ 100 யார்டில் விலகல் அரை மில்லிமீட்டர்தான். காகிதத்தில் அது தெரியவே தெரியாது. 300 மீட்டரில் 6 அல்லது 7 மி.மீ. 600 யார்டில் இரண்டரை செ.மீ. 1000 யார்டில் 9 முதல் 10 செ.மீ.

100 யார்டில் ஒரே ஓட்டையாகச் சுடும் தோட்டா 1000 யார்டில் ஏன் கைவிடுகிறது என்பதற்கு விடை இதுதான். குறுகிய தூரத்தில் செய்யும் குழுச் சோதனை (பல குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்ப்பது) வேகச் சீரைப் பற்றி எதுவும் சொல்லாது. அமெரிக்க எஃப்-கிளாஸ் இலக்கில் 1000 யார்டுக்கான பத்துப் புள்ளி வளையம் 10 அங்குலம், அதாவது 25.4 செ.மீ. எக்ஸ் வளையம் அதில் பாதி. மையத்திலிருந்து மேலே 12.7 செ.மீ., கீழே 12.7 செ.மீ. அவ்வளவுதான் இடம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேகமெல்லாம் ஒன்றாகவே இருந்தாலும் ரைபிளுக்கும் சுடுபவருக்கும் என்று ஒரு மேல்-கீழ் சிதறல் உண்டு. அதன் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 1000 யார்டில் 6 செ.மீ. என்று கொள்வோம். வேகத்தின் திட்டவிலக்கம் 3 மீ/வி என்றால் அதனால் வருவது 9.5 செ.மீ. இரண்டையும் நேரடியாகக் கூட்டக் கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வருவது 11.2 செ.மீ. வேகத் திட்டவிலக்கத்தை 1.5 மீ/வி ஆக்கினால் 7.7 செ.மீ. பெரிய லாபம். அதையும் தாண்டி 1 மீ/வி-க்குக் கொண்டுவந்தால் 6.8 செ.மீ. உழைப்பு பல மடங்கு கூடியும் கிடைத்தது ஒரு செ.மீ.கூட இல்லை. எனவே 1.5-க்கு வரும்வரை மருந்தோடு போராடுங்கள். வந்தபின் அந்த நேரத்தைக் காற்றுக் கொடிகளைப் படிப்பதில் செலவிடுங்கள்.

மருந்து ஏன் ஒரே மாதிரி எரிவதில்லை

இன்றைய ரைபிள் மருந்து நைட்ரோசெல்லுலோஸ். சிலவற்றில் நைட்ரோகிளிசரினும் சேர்ந்திருக்கும். இது கூட்டுக்குள் (தோட்டாவின் பித்தளை உறைக்குள்) வெடிப்பதில்லை, துகளின் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகிறது. அந்த எரிவேகம் சுற்றியுள்ள அழுத்தத்தைப் பொறுத்துக் கூடும். எரிய எரிய அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏற ஏற இன்னும் விரைந்து எரியும். தொடக்கத்தில் இருக்கும் ஒரு சிறு வேறுபாடு பெரிதாகி வெளியே தெரிவது இந்தச் சுழற்சியால்தான். எரியத் தொடங்கும்போது துகள் எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு ஈரம் ஏறியிருந்தது, பிரைமரின் (கூட்டின் அடியில் தீ மூட்டும் சிறு மூடியின்) தீ அதை எப்படித் தொட்டது, கூட்டின் உள்ளளவு எவ்வளவு, கூட்டின் கழுத்து குண்டை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தது என எல்லாமே அந்தத் தொடக்கத்தில் கலந்திருக்கின்றன.

இதனால்தான் மருந்தின் எடையை மட்டும் துல்லியமாக்கி மற்றதை விட்டுவிட்டால் பலன் குறைவு. எவ்வளவு குறைவு என்பதையும் கணக்கில் பார்க்கலாம். .308-இல் ஒரு கிரெயின் மருந்து ஏறத்தாழ 17 மீ/வி வேகத்தைக் கூட்டும். சுமை செல் வைத்த சாதாரண எலக்ட்ரானிக் தராசு 0.1 கிரெயின் இப்படி அப்படிப் போகும். அந்தப் பிழையால் வரும் வேகத் திட்டவிலக்கம் 1 மீ/வி அளவு. 0.02 கிரெயின் வரை காட்டும் காந்தவிசைத் தராசில் அது 0.2 மீ/வி. பிரைமர், கழுத்து இறுக்கம், கூட்டின் உள்ளளவு எல்லாம் சேர்ந்து 2 மீ/வி கொடுக்கும் ஒருவருக்கு முதல் தராசில் மொத்தம் 2.24, இரண்டாவதில் 2.01. விலை உயர்ந்த தராசு தவறில்லை. ஆனால் அது கடைசியில் வாங்க வேண்டிய பொருள். பல முறை சுட்ட பித்தளைக் கூடுகளின் கழுத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தி, இறுக்கத்தைச் சீராக்குவது அதைவிட அதிகம் தரும்.

எடை போடும்போது

எந்தத் தராசாக இருந்தாலும் மின் இணைப்பு கொடுத்து அரை மணி நேரம் கழித்தே வேலையைத் தொடங்குங்கள். மின்விசிறி, ஏசி இரண்டும் நின்றிருக்கட்டும். தராசின் மேல் ஒரு கண்ணாடி மூடி இருக்கட்டும். பிளாஸ்டிக் புனலிலும் கிண்ணத்திலும் ஏறும் நிலைமின்சாரம் துகளை ஒட்டவைக்கும், தராசின் எண்ணையும் அசைக்கும். உலோகக் கிண்ணம் நல்லது. பத்துத் தோட்டாவுக்கு ஒருமுறை வெறும் கிண்ணத்தை வைத்துப் பாருங்கள். பூஜ்யம் நகர்ந்திருந்தால் கடைசிப் பத்தையும் மறுபடி நிறுக்க வேண்டும். மருந்தின் எடைக்கு அருகில் வரும் ஒரு சோதனை எடைக்கல்லைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது இன்னும் உறுதி.

வார்கெட் போன்ற குச்சி மருந்தில் ஒரு துகள் சுமார் 0.02 கிரெயின். 0.1 கிரெயின் என்பது ஐந்து குச்சி. மருந்து விழும் வேகத்தைக் குறைத்து, கடைசியில் ஒவ்வொரு குச்சியாக விழவிட்டால் குறித்த எடையைத் தாண்டாது. கைப்பிடி திருப்பி அளக்கும் கருவி உருண்டை மருந்துக்கும் குறுங்குச்சிக்கும் சரி. நீளக் குச்சி அதில் வெட்டுப்பட்டு நெருடும், அளவும் குதிக்கும்.

கூட்டில் மருந்து எவ்வளவு உயரம் நிரம்புகிறது என்பதும் முக்கியம். பாதி காலியாக இருக்கும் கூட்டில் துப்பாக்கியைத் தூக்கி இறக்கும்போது மருந்து முன்னும் பின்னும் சரியும். பிரைமர் பக்கம் குவிந்திருந்தால் ஒரு வேகம், குண்டின் பக்கம் குவிந்திருந்தால் வேறு வேகம். கழுத்துக்குக் கீழ்வரை நிரம்பும்படியான மருந்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஈரம்

மருந்துத் துகள் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும், விடும். காய்ந்த மருந்து விரைந்து எரியும், ஈரம் ஏறியது மெதுவாக எரியும். இதில் இரட்டைப் பிழை உண்டு. காய்ந்தபின் அதே எடைக்கு நிறுத்தால் நீரின் இடத்தில் கூடுதல் மருந்து வந்துவிடும், அந்த மருந்தும் முன்பைவிடச் சுறுசுறுப்பாக இருக்கும். குளிர்நாடுகளில் ஹீட்டர் ஓடும் அறையில் காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும். அங்கே அளவைக் கருவியின் குடுவையில் ஓரிரவு விட்ட மருந்தும் டப்பாவிலிருந்து புதிதாக எடுத்த மருந்தும் ஒன்றல்ல. அதே அட்டவணை, அதே தராசு, ஆனால் அழுத்தம் கூடுதல்.

செய்ய வேண்டியது எளிது. தேவையான அளவை மட்டும் வெளியே எடுங்கள். வேலை முடிந்ததும் மீதியை அதன் சொந்த டப்பாவில் கொட்டி மூடியை இறுக்குங்கள். வேறு டப்பாவில் கொட்டிவிட்டால் அந்த இரண்டு டப்பாவையும் இனி நம்ப முடியாது. அறையில் ஈரப்பதமானி ஒன்று தொங்கட்டும். நிரப்பும் நாளில் அது என்ன காட்டியது என்று எழுதிவையுங்கள். சிலிகா ஜெல் பொட்டலத்தை மருந்து டப்பாவுக்குள் போடவே கூடாது. அது பாதுகாப்பதாக நினைத்து மருந்தை உலர்த்திவிடுவார்கள்.

லாட் எண்

கடையில் டப்பாவாக விற்கும் மருந்தைத் தயாரிப்பாளர்கள் பழைய லாட்டுகளோடு (லாட் என்பது ஒரே தடவையில் செய்த தொகுதி) கலந்து ஓர் எல்லைக்குள் கொண்டுவருகிறார்கள். எல்லைக்குள் என்றால் ஒன்றே என்று பொருளல்ல. லாட் மாறும்போது வேகமும் அழுத்தமும் நகரலாம். ஒரு பருவத்துக்குத் தேவையானதை ஒரே லாட் எண்ணில், 8 பவுண்டு டப்பாவாக வாங்குவதே நல்ல வழி. லாட் மாறினால் பழைய அளவிலிருந்து கொஞ்சம் இறங்கி மீண்டும் ஏறி, முந்தைய வேகம் எங்கே வருகிறது என்று பாருங்கள். முந்தைய எடையை அல்ல, முந்தைய வேகத்தைத் தேடுங்கள். அந்த வேகம் வருவதற்குள் அழுத்த அறிகுறி (கீழே ‘சூடு’ பகுதியில் உள்ளவை) தெரிந்தால் வேகத்தை விட்டுவிடுங்கள்.

அளப்பது

இன்று ரேடார் வகைக் குரோனோகிராஃபுகள் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவிகள்) வந்து வேலையைச் சுலபமாக்கிவிட்டன. லேப்ராடார், 2023-இல் வந்த கார்மின் செரோ போன்றவை பேரலை (துப்பாக்கிக் குழலை) தொடாமலே அளக்கும். பேரலில் கட்டும் வகையும் வேகத்தைச் சரியாகவே காட்டும், ஆனால் பேரலின் அதிர்வு மாறுவதால் குண்டு விழும் இடம் நகரும். அதை மாட்டிக்கொண்டு குழுச் சோதனை செய்ய வேண்டாம்.

கருவியைவிட முக்கியம் எண்ணிக்கை. ஐந்து தோட்டா சுட்டுத் திட்டவிலக்கம் 3 மீ/வி என்று வந்தால் உண்மையில் அது 1.8-லிருந்து 8.6 வரை எங்கும் இருக்கலாம். இருபது தோட்டாவில் அதே 3 வந்தால் உண்மை 2.3-க்கும் 4.4-க்கும் இடையில். ஐந்து தோட்டா வைத்து இந்த மருந்து நல்லது, அது கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட வேண்டும். மிகக் கூடிய வேகத்துக்கும் மிகக் குறைந்த வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிப் பெருமைப்படுவதும் இப்படித்தான். அந்த எண் சுடச்சுடப் பெரிதாகிக்கொண்டே போகும். ஐந்து தோட்டாவில் அது சராசரியாகத் திட்டவிலக்கத்தின் 2.3 மடங்கு, இருபதில் 3.7 மடங்கு. எத்தனை தோட்டா என்று சொல்லாத வித்தியாசத்துக்கு மதிப்பில்லை.

மருந்தைப் படிப்படியாக ஏற்றி ஒவ்வொரு படிக்கும் ஒரு தோட்டா சுட்டு, வேகக் கோடு எங்கே தட்டையாகிறதோ அதுவே நல்ல இடம் என்று தேர்ந்தெடுக்கும் முறை பரவலாக இருக்கிறது. அந்தத் தட்டை பெரும்பாலும் தற்செயல். அதே சோதனையை மறுநாள் செய்தால் தட்டை வேறு இடத்தில் இருக்கும். ஒவ்வொரு படிக்கும் பத்துத் தோட்டா சுட்டபிறகும் அதே இடத்தில் நின்றால்தான் நம்பலாம்.

சூடு

மருந்து சூடாக இருந்தால் விரைந்து எரியும். எவ்வளவு விரைவு என்பது மருந்துக்கு மருந்து வேறு. சூட்டுக்கு அசையாதபடி செய்த மருந்துகளில் ஒரு செல்சியஸுக்கு 0.1 முதல் 0.3 மீ/வி மாறும். அப்படிச் செய்யப்படாதவற்றில் அரை மீட்டருக்கு மேல், சிலவற்றில் 0.8 வரைகூடப் போகும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலுள்ள முல்வாலா ஆலையில் செய்யப்படும் வார்கெட், எச்4350 ஆகியவை முதல் வகையில் பெயர்பெற்றவை. ஆஸ்திரேலியாவில் இவையே ஏஆர்2208, ஏஆர்2209 என்ற பெயர்களில் விற்பனையாகின்றன. பெயரை வைத்து நம்பிவிட வேண்டாம். ஒரே மருந்து .308-இல் அசையாமல் இருந்து, வேறு கூட்டிலும் வேறு குண்டு எடையிலும் அசையக்கூடும். உங்கள் தோட்டாவில் நீங்கள்தான் அளக்க வேண்டும்.

சோதனைக்கு முப்பது தோட்டா போதும், பேரலைப் பழக்க இன்னும் ஐந்து. அதிகபட்ச அளவுக்குக் கீழே, ஒரே நாளில், ஒரே லாட்டில் நிரப்புங்கள்.

1. பத்துத் தோட்டாவை ஈரம் புகாத பையில் போட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள். பை ஐஸைத் தொடாமல் நடுவில் ஓர் அட்டை இருக்கட்டும். இன்னொரு பத்து நிழலில். மூன்றாவது பத்து, வெந்நீர்ப் புட்டி வைத்த மூடிய பெட்டியில், 40 செல்சியஸுக்கு மிகாமல். அடுப்பு, மைக்ரோவேவ், ஹீட்டர், வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு எதுவும் கூடாது.

2. ஒவ்வொரு பெட்டியிலும் பிரைமர் இல்லாத ஒரு வெற்றுக் கூட்டில் மணல் நிரப்பி, வெப்பமானியின் முனையைக் கழுத்து வழியாக உள்ளே விட்டு வையுங்கள். பெட்டியின் காற்று என்ன காட்டுகிறது என்பது தேவையில்லை. கூட்டின் உள்ளே என்ன சூடு என்பதே தேவை. குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள்.

3. ஐந்து தோட்டா சுட்டுப் பேரலைப் பழக்கியபின் குளிர்ந்தது, நிழலில் இருந்தது, சூடானது என்று மாற்றி மாற்றிச் சுடுங்கள். பத்துக் குளிர்ந்ததையும் ஒரே மூச்சில் சுட்டால் பேரல் சூடேறுவதும் கரி படிவதும் கணக்கில் கலந்துவிடும்.

4. பெட்டியிலிருந்து எடுத்த பத்து வினாடிக்குள் சுட்டுவிடுங்கள். குளிர்ந்த தோட்டாவில் பனித்திவலை படர்ந்தால் துடைத்துவிட்டுச் சேம்பரில் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில்) இடுங்கள். ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் ஒரு நிமிடம் இடைவெளி.

5. மூன்று சராசரிகளையும் சூட்டுக்கு எதிராகக் கோட்டுத்தாளில் குறியுங்கள்.

உதாரணத்துக்கு, 5 செல்சியஸில் 790.5, 20-இல் 793.0, 40-இல் 796.4 மீ/வி வந்ததாகக் கொண்டால் 35 டிகிரிக்கு 5.9, அதாவது டிகிரிக்கு 0.17. திட்டவிலக்கம் 3 மீ/வி உள்ள பத்துப் பத்துத் தோட்டாக்களில் இந்தச் சரிவின் பிழை சுமார் 0.04 இருக்கும். எனவே 0.17 என்பதை 0.13 முதல் 0.21 என்று படியுங்கள். அதற்கு மேல் தசமங்களைத் துரத்துவதில் பயனில்லை. கோடு நேராக இல்லாமல் 20-க்கு மேல் செங்குத்தாக ஏறினால் அந்த மருந்தைக் கோடைப் போட்டிக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

இந்தச் சோதனையில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. 15 செல்சியஸில் எந்தக் குறையும் காட்டாத தோட்டா 40-இல் அழுத்த எல்லையைத் தாண்டலாம். போல்ட்டை (சேம்பரை மூடித் திறக்கும் பூட்டை) தூக்கக் கை கனத்தால், கூட்டின் அடியில் எஜெக்டரின் (கூட்டை வெளியே தள்ளும் பகுதியின்) வட்டத் தழும்பு பளபளத்தால், பிரைமர் தட்டையாகி ஊசி குத்திய இடத்தைச் சுற்றி உதடு எழுந்தால், அடுத்த முறை பிரைமர் தொளதொளவென்று உட்கார்ந்தால், நிறுத்துங்கள். மீதித் தோட்டாவைச் சுடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குண்டை உருவி எடுப்பதுதான் சரி. மழையில் நனைந்த தோட்டாவும் இதே அறிகுறிகளைக் காட்டும். கூடு சேம்பர் சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, முழு விசையும் போல்ட் மீது வந்துவிழுவதால் அப்படி.

காற்றின் சூடு வேறு, மருந்தின் சூடு வேறு

வெயில் ஏறும்போது குண்டு மேலே போவதற்குக் காரணங்கள் இரண்டு. மருந்து சூடாவது ஒன்று. காற்று லேசாகிக் குண்டைக் குறைவாகத் தடுப்பது மற்றொன்று. 10 செல்சியஸ் ஏறினால் காற்றின் அடர்த்தி மூன்றரை சதவீதம் அளவு குறையும். மேலே சொன்ன 175 கிரெயின் குண்டுக்கு 1000 யார்டில் அதுவே 20 செ.மீ.க்கு மேல். அதே 10 டிகிரிக்கு, சூட்டுக்கு அசையாத மருந்து கூட்டுவது 5 செ.மீ. போல. அசையும் மருந்து இன்னொரு 25 செ.மீ. கூட்டும். இரண்டும் ஒரே திசையில் போவதால் சேர்ந்தே வந்து விழும்.

கெஸ்ட்ரல் போன்ற கையடக்கக் காற்றுமானிகளிலும் கைபேசிச் செயலிகளிலும் வேகத்தைச் சூட்டோடு இணைக்கும் அட்டவணை இருக்கும். மேலே எடுத்த மூன்று எண்களையும் அதில் ஏற்றலாம். அங்கே ஒரு பெரிய தவறு நடக்கிறது. பல செயலிகள் வெளிக் காற்றின் சூட்டையே மருந்தின் சூடாக எடுத்துக்கொள்ளும். காலை 6 டிகிரிக் குளிரில், சூடான காரிலிருந்து அப்போதுதான் இறக்கிய தோட்டா 20-இல் இருக்கும். மதியம் 30 டிகிரிக் காற்றில் வெயில் பட்ட கறுப்புப் பெட்டிக்குள் தோட்டா 45-ஐத் தாண்டியிருக்கும். செயலி இரண்டையும் அறியாது. மருந்துச் சூட்டைத் தனியாக ஏற்ற இடமிருந்தால் கூட்டின் சூட்டை அளந்து அங்கே போடுங்கள். இடமில்லையென்றால் தோட்டாவை நிழலில் காற்றின் சூட்டிலேயே வைத்திருங்கள். அப்போது செயலியின் எண்ணம் உண்மையாகிவிடும்.

கோடையில் 1000 யார்டில் குண்டு மேலே விழுந்ததைப் பார்த்துச் செயலியில் குண்டின் காற்றுத்தடை எண்ணை மாற்றிச் சரிசெய்கிறார்கள். மருந்தின் பிழையைக் குண்டின் மீது ஏற்றுவதுதான் அது. குளிர்காலம் வந்ததும் அந்த எண் பொய்யாகும். அளந்த வேகத்தை முதலில் ஏற்றுங்கள், தடை எண்ணைக் கடைசியாகத் தொடுங்கள்.

குளிரில் இன்னொரு ஆபத்து. 1000 யார்டை எட்டும்போது .308 குண்டு ஒலிவேகத்தை நெருங்கியிருக்கும். வேகமும் குறைந்து காற்றும் அடர்ந்தால் இலக்குக்கு முன்பே ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கித் தள்ளாடும். கோடையில் வட்டமாக நின்ற குழு குளிரில் காரணமில்லாமல் உடைந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

மைதானத்தில்

போட்டியில் சைட்டர் குண்டுகள் (புள்ளியில் சேராத முன்னோட்டக் குண்டுகள்) உண்டு. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையிலான வேறுபாட்டை அவை தீர்த்துவிடும், ஸ்கோப்பில் இரண்டு கிளிக் போதும். அவை தீர்க்காதது, சுட்டுக்கொண்டிருக்கும்போதே நடக்கும் நகர்வு. மேகம் விலகி வெயில் பெட்டியில் விழுகிறது, பேரல் கொதிக்கிறது, காற்று மாறியதால் சுடாமல் காத்திருக்கிறீர்கள். புள்ளிகள் போவது இங்கேதான்.

தோட்டாப் பெட்டி வெள்ளையாக இருக்கட்டும். ஈரத்துணி போர்த்தி, உடம்பின் நிழலிலோ பாயின் அடியிலோ வையுங்கள். ஐஸ் வேண்டாம், நிழல் போதும். பெட்டியில் மேல்வரிசையை வெயில் நேரடியாகப் பிடித்தால் மேல்வரிசை சூடாகவும் கீழ்வரிசை குளிர்ந்தும் இருக்கும், ஒரே தொடரில் இரண்டு வேகம் வரும்.

சேம்பர்தான் எல்லாவற்றையும் விட மோசம். இருபது குண்டு சுட்ட பேரலின் சேம்பரில் தோட்டாவை வைத்தால் நிமிடக் கணக்கில் அல்ல, வினாடிக் கணக்கில் மருந்து சூடேறத் தொடங்கும். இருவர் மாறி மாறிச் சுடும் பிஸ்லி முறையில், இலக்கு மேலே வந்தபின் 45 வினாடி கிடைக்கும். துணைவர் சுட்டதுமே தோட்டாவைத் தள்ளிப் போல்ட்டை மூடிவிட்டுக் காத்திருப்பவர்கள் பலர். ஒவ்வொரு குண்டும் வெவ்வேறு நேரம் வெந்து கிளம்புகிறது. தோட்டாவைத் தட்டில் வைத்திருங்கள், காற்றைப் பாருங்கள், சுட முடிவெடுத்தபின் உள்ளே தள்ளுங்கள். உள்ளே தள்ளியபின் காற்று மாறிவிட்டால் போல்ட்டைத் திறந்து அந்தத் தோட்டாவை எடுத்துத் தனியே வையுங்கள், புதியதை இடுங்கள். குளிரட்டும், கடைசியில் பயன்படுத்தலாம். வெந்த தோட்டாவைப் போட்டிக் குண்டாகச் சுட்டால் அது மேலே போகும்.

மேல்-கீழ் சிதறலை எப்போதும் மருந்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. அன்றைய வேகப் பதிவையும் இலக்கின் குறிப்பையும் அருகருகே வையுங்கள். மேலே போன குண்டுகளுக்கு வேகம் கூடுதலாக இருந்தால் மருந்து, சூடு, கழுத்து இவற்றில் ஒன்று. வேகத்துக்கும் உயரத்துக்கும் தொடர்பே இல்லையென்றால் பைபாட் குதிப்பது, பின்பை (துப்பாக்கியின் பின்முனையைத் தாங்கும் பை) சரியாக அமுங்காதது, கன்னத்தின் அழுத்தம் மாறுவது, ஸ்கோப் மவுன்ட் தளர்ந்தது. தொடர் முழுக்கப் படிப்படியாக மேலே ஏறினால் சேம்பர் சூடு அல்லது கானல் (சூடான பேரலின் மேல் எழுந்து இலக்கின் காட்சியை அசைக்கும் வெப்ப அலை). கானல் என்றால் வேகம் மாறாமல் உயரம் மட்டும் ஏறும்.

அரிதாக, வேகம் குறைந்த குண்டு மேலேயும் கூடிய குண்டு கீழேயும் விழும். பேரல் மேல்நோக்கி அசையும் நேரத்தில் மெதுவான குண்டு தாமதமாக வெளியேறி, சற்று உயர்ந்த கோணத்தில் புறப்படுவதால் வருவது இது. பழைய லீ-என்ஃபீல்ட் ரைபிள்கள் போல்ட்டின் பின்பக்கம் பூட்டுவதால் இப்படி நடந்துகொண்டன. குறுந்தூரத்தில் சுமாராக இருந்துவிட்டு நீள்தூரத்தில் ஆச்சரியப்படும்படி சுட்டன. உங்கள் ரைபிளில் இது ஒரு குறிப்பிட்ட தூரத்தில் வாய்த்திருந்தால் நல்லது, ஆனால் வேறு தூரத்துக்கு அது பொருந்தாது.

பழைய மருந்து

நைட்ரோசெல்லுலோஸ் காலப்போக்கில் தானாகச் சிதையும். அதைத் தடுக்கச் சேர்த்த நிலைப்படுத்தி, சூடான இடத்தில் விரைவில் தீர்ந்துவிடும். எனவே டப்பாக்கள் குளிர்ந்த, உலர்ந்த, வெயில் படாத இடத்தில், தயாரிப்பாளரின் டப்பாவிலேயே இருக்கட்டும். இறுக்கமான இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். தீப்பிடித்தால் அது வெடிகுண்டாகிவிடும். திறந்ததும் புளித்த அமிலநெடி அடித்தாலோ, செம்பழுப்புப் புகை தெரிந்தாலோ, துகளில் துருநிறப் பொடி உதிர்ந்தாலோ அந்த டப்பாவை நிரப்பப் பயன்படுத்தக் கூடாது. உள்ளூர்த் தீயணைப்புத் துறையிடம் அகற்றும் முறையைக் கேளுங்கள்.

.22 சுடுபவர்களுக்கு

சென்னை, கோவை ரைபிள் கிளப்புகளில் 50 மீட்டர் சுடுபவர் மருந்தைத் தொட முடியாது. ஆலையில் நிரப்பிய தோட்டாவைத்தான் வாங்க வேண்டும். ஆனால் லாட்டைத் தேர்ந்தெடுக்கலாம், சூட்டைக் கவனிக்கலாம். பந்தயத் தோட்டா வினாடிக்கு 320 முதல் 330 மீட்டரில் போகிறது. 3 மீ/வி மாறினால் 50 மீட்டரில் சுமார் 2 மி.மீ. விலகும். பத்துப் புள்ளி வளையம் 10.4 மி.மீ., உள்பத்து 5 மி.மீ. தசமப் புள்ளி எண்ணும் போட்டியில் அந்த 2 மி.மீ. சும்மா விடாது.

ஒரே பிராண்டின் ஒரே பெட்டி நிறத்தில் வெவ்வேறு லாட்டுகள் உங்கள் பேரலில் வெவ்வேறாகச் சுடும். ரைபிளை ரெஸ்டில் (அசையாத தாங்கியில்) வைத்து, லாட்டுக்கு 40 தோட்டா, பத்துப் பத்தாக நான்கு குழு சுடுங்கள். நான்கையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மொத்த அகலத்தைப் பாருங்கள். மிகச் சிறிய குழுவைக் காட்டிய லாட்டைவிட நான்கிலும் ஒன்றுபோல இருந்த லாட்டே வேண்டும். லாட் மாற்றும்போது பேரலில் முந்தைய தோட்டாவின் மெழுகு இருக்கும், முதல் பத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சோதனையைப் போட்டி நடக்கும் சூட்டில் செய்ய வேண்டும். ஜனவரிக் காலையில் தேர்ந்தெடுத்த லாட் மே மாத மதியத்தில் வேறு வேகத்தில் போகும், ரைபிளும் அந்த வேகத்தில் வேறு விதமாக அதிரும். டெல்லியில் குளிர்காலப் போட்டி என்றால் அந்தக் குளிருக்கு நெருங்கிய காலைவேளையிலும் ஒருமுறை சுட்டுப் பாருங்கள். .22 கூட்டில் மருந்து மிகக் கொஞ்சம், கூடும் மெல்லியது. சேம்பரில் வைத்த சில வினாடிகளிலேயே அதன் சூடு மாறும். நின்று சுடும் நிலையில் ஒரு தோட்டாவுக்கு நீண்ட நேரம் எடுப்பவர்கள் துப்பாக்கியை இறக்கும்போது தோட்டாவையும் வெளியே எடுத்து மாற்றிக்கொள்வது நல்லது. பிடித்த லாட் கிடைத்தால் ஒரு பருவத்துக்கான பெட்டிகளை அன்றே, அதே லாட் எண்ணில், உரிமத்தில் அனுமதித்த அளவுக்குள் வாங்கிவிடுங்கள். அடுத்த வாரம் கடையில் அந்த எண் இருக்காது.